ஊசி பொய் காட்டினால் குற்றம் யாருடையது?

பொய் சொல்லாத இரண்டு பேர் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு பொய்யை உண்டாக்க முடியுமா? முடியும். பழைய டிராக்டரின் ஹீட் மீட்டரைப் பாருங்கள்.

திருச்செங்கோடு என்றாலே வெளியூர்க்காரர்கள் ரிக் வண்டியைத்தான் சொல்லுவார்கள். ஆனால் பாறைக் கிணற்றை ஆழப்படுத்த வருகிற கம்பரசர் டிராக்டரையும் நாம் அறிவோம். நின்ற இடத்திலேயே, வெயிலிலே, மணிக்கணக்காய் உழைக்கிற வண்டி அது. அதன் டிரைவருக்கு அந்த ஊசிதான் கண்.

மீட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றிலே மெல்லிய குழாயும் அதன் நுனியிலுள்ள குமிழும் மீட்டரோடு கூடப் பிறந்தவை. குழாய் ஒடிந்தால் முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான். கரண்டு வகையிலோ மீட்டர் வேறு, இன்ஜினில் முடுக்குகிற சென்சார் வேறு. தண்ணீர் சூடேற ஏற சென்சாரின் மின்தடை குறையும். அதற்குத் தக்கபடி ஊசி ஏறும். எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம் என்கிற கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. ஆனால் மரை ஒத்துப்போனால் எந்த சென்சாரும் உள்ளே ஏறிவிடும். வினை இங்கேதான்! மீட்டர் எதிர்பார்க்கிறதைவிட அதிக ஓம் உள்ளதை மாட்டிவிட்டால், தண்ணீர் கொதித்தாலும் ஊசி பச்சையிலேயே நிற்கும். மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மிஞ்சிச் சுற்றி எர்த்தைக் கெடுத்தாலும் அப்படித்தான் குறைத்துக் காட்டும்.

இன்ஜின் ஹெட் கோணிப்போனால் யாரைக் கேட்பது? மீட்டரையா, சென்சாரையா? இரண்டும் தங்கள் கணக்கில் உண்மையாயிருந்தனவே!

டிரைவர்மேல் முதலில் பழி போடாதிருங்கள். நம்பினது குற்றமல்ல. ஆனால் ஆவி கிளம்பி, கருகல் வாசனையும் வந்தபிறகு, "ஊசி பச்சையிலதானே நிக்குது" என்று ஓட்டினால் அவனுக்கும் பங்குண்டு. மாட்டின மெக்கானிக்? சென்சாரை மீட்டரோடு இணைத்து, அதன் உடம்புக்கு எர்த் கொடுத்து, வெந்நீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டிருந்தால் அரைமணியில் தெரிந்திருக்கும்.

விற்கிறவன் காரியம்தான் பயங்கரம். குறைத்துக் காட்டுகிறதென்று தெரிந்தும், "மீட்டர் நல்லா ஓடுதுங்க" என்கிறான். ஓடுவது மெய்தானே என்று மனச்சாட்சியைத் தட்டித் தூங்கவைக்கிறான். கள்ளத்தராசு வைத்திருக்கிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

ஜோடி சேராத சென்சாராயிருந்தால் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, "மீட்டர் ஓடாதுங்க, ரேடியேட்டரைப் பார்த்துக்குங்க" என்று சொல்லி விற்பதே நலம். படுத்துக்கிடக்கிற ஊசியை யாரும் நம்பமாட்டார்கள். இறங்கி வந்து பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் சூட்டோடு சூடாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதிருங்கள். உள்ளே அழுத்தத்தில் நிற்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் சூடாயிருக்கும், முகத்திலே அடிக்கும். ஆறவிட்டுத் திறவுங்கள்.