பயனும் உரிமையும்

ஒரு நிலத்தைப் பயனற்றது என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு? கொழும்பின் புறநகர்ச் சதுப்பு நிலங்களைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது. காணி வாங்குவோர், விற்போர் வாயிற் சதுப்பு என்பது 'சும்மா கிடக்கிற காணி'. மண்ணைக் கொட்டி மேடாக்கிய பின்னரே அதற்கு விலை பிறக்கிறது.

அது சும்மா கிடக்கிறதா என்பதை முதலிற் பார்ப்போம். தெஹிவளைக்கு அப்பால், பொரலஸ்கமுவையை ஒட்டியுள்ள பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990 ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பரப்பு 372 ஹெக்டேயர். முன்னர் நெல் விளைந்து பின்னர் கைவிடப்பட்ட வயல்களும் அதில் அடங்கும். திறந்த நீர்ப்பரப்பு, சம்பும் கோரையும் அடர்ந்த சேறு, திடல்களிற் புதர் எனச் சிறு தொலைவுக்குள்ளேயே நிலம் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. ஒவ்வோர் இயல்புக்கும் ஏற்ற உயிர் அங்கங்கே குடிகொண்டிருக்கிறது. மிதக்கும் இலைகளின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் நீளவால் இலைக்கோழியிற் பெண்பறவை முட்டையிட்டுச் சென்றுவிட, ஆண்பறவையே அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுகிறது. மஞ்சள் மூக்கு நாரை கலங்கிய நீரில் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, தொடுவுணர்வாலேயே மீனைப் பற்றுகிறது. கோரைக்குள் நீலத் தாழைக்கோழி, கரையிற் கபரகொய்யா, மாரி தொடங்கியதும் வடநாடுகளிலிருந்து வந்திறங்கும் வலசைப் பறவைகள். இரவிலே திரிவது கொடுப்புலி என்னும் மீன்பிடிப் பூனை. நீருக்கு அஞ்சாத இவ்விலங்கு வாய்க்கால்களின் வழியே கொழும்பு நகரின் உள்ளேயும் நடமாடுவது அண்மை ஆண்டுகளிற் பதிவாகியுள்ளது. நகரவாசிகளுட் பெரும்பாலோர் தம் மதிலோரமாக அது கடந்து செல்வதை அறியார். (அமெரிக்க மண்ணுக்குரிய சதுப்புச் சீத்தா மரம் இங்கே பரவி நீர்ப்பரப்பை நெரிப்பதையும் சொல்லத்தான் வேண்டும். இயற்கை என்ற பெயராலே எல்லாவற்றையும் வாழ்த்திவிட முடியாது.)

'குடியிருக்க மனிதனுக்கே நிலமில்லாத நாட்டிற் கொக்குக்கு நிலம் தேடுவதா?' என்று நம் நண்பர்களிற் சிலர் கேட்பதுண்டு. பறவைகளைப் பார்ப்பது ஓய்வும் தொலைநோக்கியும் உடையோரின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். அக்கேள்வியில் நியாயமில்லை என்று நான் கூறமாட்டேன். ஆனால் சதுப்பை மாற்றியமைத்தோர் யாவர் என்றும் நோக்குதல் வேண்டும். தியவன்னாச் சதுப்பை அகழ்ந்து வாவியாக்கி, அதன் நடுவே எழுப்பிய பாராளுமன்றம் 1982 இல் திறக்கப்பட்டது. 2010 நவம்பர்ப் பெருமழையில் அப்பாராளுமன்ற வளவையே வெள்ளம் சூழ்ந்தது. நீர் தான் இருந்த இடத்தை மறக்கவில்லை போலும்! வேறிடமின்றிக் கரையிற் பலகை வீடு கட்டியவனுக்கோ 'அத்துமீறிக் குடியேறியவன்' என்று பெயர். வெள்ளம் முதலிற் புகுவதும் அவன் வீட்டிலேதான்.

கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தாழ்ந்த ஈரநிலத்தில் நகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்காகக் குவிக்கப்பட்டு மலையாயிற்று. அயலில் வாழ்ந்தோர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து 32 உயிர்களைக் கொண்டது. நிலத்தைப் பயனற்றது என்று கருதியவர்கள், அதன் அருகில் வாழ்ந்த மனிதரையும் அவ்வாறே கருதினர் என்பதை இதற்கு மேலும் விளக்கவேண்டுமா? கொக்கா மனிதனா என்ற வினா இங்கே பொருளற்றுப் போகிறது. நம் பழைய திணை மரபிலும் அப்பிரிவினை இல்லை. மருதத்தின் கருப்பொருள்களில் நாரையும் எருமையும் நீர்நாயும் உழவரும் ஒரே நிரலில் வைத்து எண்ணப்பட்டனர். அம்மரபினுள் நிலமுடையோனும் அவனுக்கு உழைத்தோனும் இருந்தனர் என்பதை மறந்து அதனைப் போற்றுவது நம் நோக்கமன்று.

இப்போது சதுப்புக்குப் புதிய மதிப்பு வந்திருக்கிறது. 2018 இற் கொழும்பு, ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. சதுப்பு வெள்ளத்தைத் தாங்குகிறது, நீரைத் தூய்மையாக்குகிறது, நகரின் வெம்மையைத் தணிக்கிறது என்றெல்லாம் பேசப்படுகின்றது. யாவும் உண்மையே. ஆயினும் இவ்வாதத்தை நான் ஐயத்துடனேயே நோக்குகிறேன். நாளை யாரேனும் அதே அளவு வெள்ளத்தைத் தாங்கும் சீமெந்துத் தொட்டியொன்றைக் கட்டித் தந்தால், இலைக்கோழிக்கு அங்கிருக்கும் உரிமை தீர்ந்துவிடுமா? பயனை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் 'ஆம்' என்றே விடையிறுக்க வேண்டிவரும்.

பயன் எவரையும் காப்பாற்றியதில்லை என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. மலையகத் தோட்டத் தொழிலாளரினும் பயனுள்ள மக்கள் அன்றைய இலங்கையில் யார் இருந்தனர்? நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கு அவர்கள் கொய்த கொழுந்திலிருந்து வந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரையே 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. உழைப்பு தேவைப்பட்டது, உரிமை மறுக்கப்பட்டது. மனிதனுக்கே பயன் உரிமையாகாத இடத்தில், பறவைக்கும் சேற்றுக்கும் அது அரணாகும் என்று நம்புவது பேதைமை. வாழும் உயிர் வாழ்கிறது என்பதனாலேயே அதற்கு இடமுண்டு என்று ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வெள்ளக் கணக்கெல்லாம் அதன் பின்னர் வரட்டும்.

இதனை ஒப்புக்கொண்டால் நடைமுறையிற் செய்யவேண்டியவை பல. புறநகரில் இன்று ஈரநிலப் பூங்காக்கள் உள்ளன. நுழைவுச் சீட்டுப் பெற்று, மரப்பாதை மீது நடந்து பறவை பார்க்கலாம். மாணவரை அழைத்துச் செல்ல நல்ல இடங்கள்தாம். ஆனால் சதுப்பிற் கங்குன் பறிப்போரும் தூண்டில் போடுவோரும் எத்தனை பேர் அவற்றின் வாயிலைக் கடந்திருப்பர்? சரணாலயம் வனசீவராசிகள் திணைக்களத்தின் கோவையில் இருக்கிறது. கரையோரக் குடிசை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கோவையில் இருக்கிறது. இவ்விரு கோவைகளும் ஒரே மேசையிற் பிரிக்கப்பட்டு, அக்குடிசைவாசியும் அங்கே ஓர் ஆசனத்தில் அமர்ந்து பேசும் நிலையை உருவாக்குமாறு நாம் கேட்கவேண்டும்.