கடுமை குருதியில் இருக்கிறதா?

ஒவ்வாமை மூக்கழற்சியின் கடுமையை எதைக் கொண்டு அளப்பது என்பது மருத்துவக் கேள்விதான். ஆனால் அதன் அடியில் ஒரு தத்துவக் கேள்வி கிடக்கிறது: நோய் என்பது உடலின் ஒரு நிலையா, அந்த உடலுக்கு உரியவர் படும் துன்பமா? பல நோய்களில் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இக்கேள்வி எழுவதில்லை. மூக்கழற்சியில் அவை அடிக்கடி பிரிந்துவிடுகின்றன.

1921இல் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒத்துக்கொள்ளாத தம் சக ஆய்வாளர் ஹெய்ன்ஸ் குஸ்ட்னரின் சீரத்தைத் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைச் சுமக்கும் பொருள் குருதியில் இருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1960களின் பிற்பாதியில் டென்வரில் இஷிசாக்கா தம்பதியும் உப்சாலாவில் ஜோஹான்சன், பென்னிச் இருவரும் அப்பொருள் ஒரு புதுவகை எதிர்ப்பொருள் என இனங்கண்டனர். ஐஜிஇ என்ற பெயர் வந்தது, அளக்கும் வழியும் வந்தது. நோயைக் குருதியிலேயே படித்துவிடலாம் என்ற நம்பிக்கை அதோடு வளர்ந்தது. அது பாதிதான் பலித்தது. வீட்டுத் தூசி உண்ணிக்கு எதிரான ஐஜிஇ, லிட்டருக்கு 0.35 கிலோ அலகு என்ற வழக்கமான வரம்பைத் தாண்டியும் ஒரு தும்மல்கூட இல்லாதவர்கள் உண்டு. மொத்த ஐஜிஇயை அதைவிடவும் குறைவாகவே நம்ப முடியும். குடற்புழு இருந்தாலே அது ஏறிவிடும். குருதியிலும் தோலிலும் எதுவும் தெரியாமல், மூக்கின் சளிச்சவ்வில் மட்டும் ஐஜிஇ உண்டாகி அவதிப்படுவோரும் இருக்கிறார்கள்.

நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்களின் கண்டுபிடிப்பு கேள்வியை மேலும் சிக்கலாக்கியது. 1995இல் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டிய இந்த ஒழுங்காற்று டி செல்களுக்கு ஃபாக்ஸ்பி3 மரபணு இன்றியமையாதது. அது பழுதான குழந்தைகளுக்கு உடல் தன்னையே தாக்கும் நோயோடு கடும் தோலழற்சியும் மிகுந்த ஐஜிஇயும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வாமை இல்லாதவரின் உடல் மகரந்தத்தை அறியாமல் இருப்பதில்லை, அறிந்தும் அடங்கியிருக்கிறது. தன்னது, அயலது என்று பிரித்தறிவதே நோயெதிர்ப்பின் வேலை என்று நோயெதிர்ப்பியலாளர் பர்னெட் வகுத்த சட்டகத்துக்குள் இது முழுதாக அடங்காது. மகரந்தம் அயலதுதான், ஆனாலும் அதை விட்டுவிடுவதே ஆரோக்கியம்.

அப்படியானால் அடக்கும் செல்களையும் இன்டர்லூகின்-10 போன்ற அவற்றின் சுரப்புகளையும் எண்ணினால் கடுமை தெரிந்துவிடாதா? எண்ணலாம். ஆனால் அவை குறைந்திருந்தால் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று விளக்கலாம். கூடியிருந்தால் மூண்ட அழற்சியை அணைக்க உடல் பாடுபடுகிறது என்றும் விளக்கலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விளக்கம் தயாராக இருக்கும் ஓர் அளவு, தனியே நின்று எதையும் நிறுவுவதில்லை. அதற்குப் பொருள் கொடுப்பது வேறொன்று: அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்ற தகவல்.

ஒவ்வாமை மூக்கழற்சிக்காக 2001இல் வெளிவந்த அரியா (ARIA) என்ற பன்னாட்டு வழிகாட்டி இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. தூக்கம் கெடுகிறதா, அன்றாடக் காரியங்கள் தடைப்படுகின்றனவா, பள்ளியோ வேலையோ பாதிக்கப்படுகிறதா, அறிகுறிகள் தொல்லை தருகின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நோய் மிதமானது முதல் கடுமையானது வரையான வகையில் சேரும். பட்டியலில் குருதிக்கு இடமே இல்லை. மருத்துவம் தோன்றியதே தம்மை நோயாளியாக உணர்ந்தவர்களால்தான், ஆய்வகம் பிறகுதான் வந்தது என்று தத்துவவாதி ஜார்ஜ் கான்கிலெம் 1943இல் வாதிட்டதை இந்த வகைப்பாடு, அவர் பெயரைச் சொல்லாமலே, நடைமுறையாக்கியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறுவயது முதல் வாயால் மூச்சுவிட்டுப் பழகியவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். அனுபவமும் பிழைபடும் என்பது உண்மைதான். ஆனால் உயர்ந்த ஐஜிஇயைக் காட்டி மட்டும் அவரை மறுக்க முடியாது. அதே எண் உள்ள இன்னொருவர் நிஜமாகவே நலமாக இருக்கலாம். மருந்தால் மூக்கு திறந்து, இரவு முழுதும் தூங்கி எழுந்தபின் முதலாமவரே தம் பழைய சொல்லைத் திருத்திக்கொள்கிறார். கடுமையைச் சொல்லாவிட்டாலும், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை, எதற்கு எதிராக ஒவ்வாமைத் தடுப்பூசி தொடங்கலாம் என்ற கேள்விகளுக்குக் குருதிச் சோதனை நல்ல துணை.