சில்லும் சிலையும்

உடைந்த பானையின் ஓடு. ஓரத்தைக் கல்லில் உரசி உரசி வட்டமாக்கியிருக்கிறது ஒரு கை. பொன்னில்லை அதில், மணியில்லை, பொறித்த எழுத்தும் இல்லை. வட்டுச்சில்லு என்கிறோம் அதனை. தரையிலே கோடு கிழித்து, ஒற்றைக் காலால் நொண்டி, அதைக் கட்டம் விட்டுக் கட்டம் தள்ளி விளையாடினர் நம் முன்னோர். கீழடியில் இத்தகைய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பகடைகளும் ஆட்டக் காய்களும் உடன் கிடைத்தன. 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலே இன்று அந்த மண்ணின் பொருள்களை மக்கள் திரள் திரளாய்ச் சென்று காண்கின்றனர்.

"விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை ஆரவாரமா? வேலையில்லாத் திண்டாட்டமும் சாதிக் கொடுமையும் தலைவிரித்தாடும் நாட்டில், ஓட்டுச் சில்லைப் பற்றியா பேச்சு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களினும் கூர்மையாகக் கேட்போரும் உண்டு: "பழைய கல்லைக் கும்பிடாதே என்கிறாய், பழைய ஓட்டைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கிறாய். கருவறை போயிற்று, கண்ணாடிப் பேழை வந்தது, வேறென்ன வேறுபாடு?"

நியாயமான கேள்வி. பகுத்தறிவாளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோர், இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

கையால் செய்த பழம்பொருளைத் தேடித் திரட்டும் வேட்கை இன்று பெருகி வருகிறது. பாட்டி புளியங்கொட்டை இட்டு ஆடிய பல்லாங்குழிப் பலகை, செல்வர் மாளிகையின் வரவேற்பறைச் சுவரிலே தொங்குகிறது. பித்தளைத் தாயக்கட்டைக்குப் பேரம் நடக்கிறது. ஆடுவதற்காகவா? அன்று! வைத்திருப்பதற்காக. ‘என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை’ என்னும் பெருமைக்காக. குழியிலே கைபடாத பல்லாங்குழி, பூசையறைப் படத்தினும் எவ்வகையில் மேலானது?

மேலைநாட்டில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். அமெரிக்க நாட்டிலே எலிசபெத் மேகி என்றொரு பெண். நிலம் சிலர் கையில் குவிவதும், நிலமற்றோர் வாடகை செலுத்தியே நொடித்துப் போவதும் அநீதி என்றுரைத்த ஹென்றி ஜார்ஜின் கொள்கையிலே பற்றுக்கொண்டவர். மேடையேறிப் பேசினால் கேட்போர் எத்தனை பேர் என்று எண்ணினார் போலும், கொள்கையை ஓர் ஆட்டமாகவே ஆக்கினார். பலகையிலே நிலங்கள், வாங்கியவன் வாழ்வான், வந்து நின்றவன் வாடகை செலுத்துவான், ஆட்டம் முடியும்போது ஒருவன் கொழுத்திருப்பான், மற்றவர் ஓட்டாண்டி. 1904ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். சுரண்டலைச் சுட்டிக்காட்ட எழுந்த ஆட்டம் அது!

மக்கள் அதனை எடுத்துக்கொண்டனர். கடையில் வாங்கவில்லை, துணியிலும் அட்டையிலும் தாமே வரைந்தனர், தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை எழுதினர், நண்பருக்குக் கற்பித்தனர். அவ்வழியே கற்றவருள் ஒருவர் சார்லஸ் டாரோ. அவரும் கையால் பலகை வரைந்து விற்றார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரிடமிருந்து ஆட்டத்தை வாங்கியது. ‘மோனோபலி’ என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது. ஆட்டத்தைப் படைத்தவர் அவரே என்றும் விளம்பரம் செய்தது. மேகிக்குக் கிடைத்தது, காப்புரிமைக்கு விலையாக 500 டாலர். நம் பிள்ளைகள் ‘பிசினஸ்’ என்று ஆடுகிறார்களே, அது அந்த ஆட்டத்தின் வழித்தோன்றலே.

2010ஆம் ஆண்டு, டாரோ 1933இல் கையால் செய்த வட்டப் பலகை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. விலை 1,46,500 டாலர்! நிலக்குவிப்பைக் கண்டித்துப் பிறந்த ஆட்டம், தானே குவிப்புப் பொருளாயிற்று.

பொருளைத் திரட்டுவதே தீமை, ஏலம் விடுவதே இழிவு என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். கதை இன்னும் முடியவில்லை.

மேகியின் பெயர் மீண்டது எப்படி? 1973இல் ரால்ஃப் அன்ஸ்பாக் என்னும் பொருளாதாரப் பேராசிரியர், ஏகபோகத்தை எதிர்க்கும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். நிறுவனத்தோடு வழக்கு மூண்டது. டாரோவுக்கு முன்பே இந்த ஆட்டம் இருந்தது என்று காட்ட வேண்டிய நிலை அவருக்கு. ஊர் ஊராய்த் தேடினார், முதியோரைக் கண்டார். தாம் இளமையில் ஆடிய, கையால் வரைந்த பழம் பலகைகளைச் சிலர் எறியாமல் வைத்திருந்தனர்! அழுக்கேறிய அந்தப் பலகைகள் சாட்சி கூறின. 1982இல் மேல்முறையீட்டு மன்றம் பேராசிரியர் பக்கம் தீர்ப்பளித்தது. மேகி 1948இலேயே மறைந்துவிட்டார்; அவர் உழைப்பின் உரிமை மட்டும் வரலாற்றிலே மீட்கப்பட்டது.

ஏலத்தில் விலைபோனதும் கையால் செய்த பலகைதான்; வழக்கிலே உண்மையை நிலைநாட்டியதும் கையால் செய்த பலகைதான். பொருளிலே வேறுபாடில்லை, பொருளை நோக்கும் நோக்கிலேயே வேறுபாடு. ஒன்று பெருமைக்குரிய சின்னம். மற்றொன்று கேள்விக்கு விடை சொல்லும் சான்று.

கருவறைக்கும் கண்ணாடிப் பேழைக்கும் உள்ள வேறுபாடும் இதுவே, தோழர்களே! சிலை நம்மைக் குனியச் சொல்கிறது. சில்லு நம்மைக் கேட்கச் சொல்கிறது. சிலையின் முன் நின்று, "யார் செய்தார்? எப்போது? எதற்காக?" என்று கேட்டால் பக்தர் முகம் சுளிப்பர். சில்லின் முன் நின்று அவற்றைக் கேளாதவனுக்கோ அங்கு வேலையே இல்லை.

பரமபதப் படத்தைப் பாருங்கள். அறம் செய்தவன் ஏணியில் ஏறுவான், பாவம் செய்தவன் பாம்பின் வாயில் வீழ்வான் என்று கட்டம் கட்டமாய்ப் போதிக்கிறது. ஏறுவதும் வீழ்வதும் எதனால்? அறத்தாலா? இல்லை, உருளும் கட்டையால்! நல்லவனும் தீயவனும் ஒரே எண்ணுக்கு ஒரே பாம்பிடம் கடிபடுகின்றனர். தலைவிதியை அறமென்று சொல்லி நம்பவைத்த சூழ்ச்சியை இதைவிடத் தெளிவாய் விளக்கும் ஏடுண்டா? அந்தப் படத்தைக் கொளுத்த வேண்டா. பாதுகாத்து வையுங்கள், வணங்குவதற்காக அல்ல, வகுப்பறையில் விரித்து வினா எழுப்புவதற்காக.

சான்று என்று ஒப்பினால், திரட்டுவோர்க்குக் கடமையும் உண்டு. கீழடியிலே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியின் மாதிரி, ஆய்விலே கி.மு. 580 என்று காலம் காட்டியது. 2019இல் வெளியான அரசின் அறிக்கை அதைக் கூறுகிறது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம், அருகில் என்ன கிடந்தது என்று குறித்துவைத்ததால் அல்லவா அந்தக் கரி பேசிற்று? குறிப்பின்றித் தோண்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தால்? அடுப்புக்கரிக்கும் அதற்கும் வேறுபாடேது!

காந்திபுரத்தில் பேருந்தேறி ஈரோட்டுத் திசையிலே சென்றால், சென்னிமலைக்கு மேற்கே நொய்யற்கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர். சூதுபவளமும் பளிங்கும் பச்சைக்கல்லும் மணிகளாய் உருப்பெற்ற தொழிற்கூடம் அது. அகழாய்வு அதை மெய்ப்பித்தது. அத்தகைய நிலத்தில் அகப்படும் ஒரு மணியை, ஒரு காயை, ‘அழகாயிருக்கிறதே’ என்று வீட்டுக்கு எடுத்து வருபவன் ஊருக்குரிய ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வருகிறான். அன்பினால் கிழித்தாலும் கிழிசல் கிழிசலே.

"தனியார் திரட்டியதால் நன்மையே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலிற் கிடைத்த பழங்காசுகளைத் தனியார் பலர் திரட்டினர். அவை சங்ககால அரசர் வரலாற்றுக்கு ஒளியூட்டின. ஆனால் எப்போது ஊட்டின? பெட்டியிலே பூட்டியிருந்தபோதன்று, படித்து, படமெடுத்து, பிறர் ஆராய அச்சேற்றியபோது! பூட்டியவன் உடைமையாளன், திறந்தவனே பாதுகாவலன்.

ஆகவே, கையால் செய்த பழம்பொருளை விரும்பும் இளைஞர்க்கு மூன்று வினாக்களை முன்வைக்கிறேன். செய்த கை எது? எடுத்த இடம் எது? என்னிடம் இருப்பதால் அறிவு பெறுவோர் யார்? மூன்றுக்கும் விடை கூற முடிந்தால் திரட்டுங்கள். விடையைப் பொருளோடு எழுதி வையுங்கள். முடியாதெனில், அது சேமிப்பன்று, வெறும் சேர்ப்பு.

இன்னொன்றும் செய்யலாம். எம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் புளியங்கொட்டையின் ஒரு புறத்தைத் தேய்த்துத் தாயம் போடுகின்றனர். சுண்ணக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைகின்றனர். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் கூடி மடக்கும் ஆட்டம் அது! வலிமையற்றோர் ஒன்றுபட்டால் வலியோன் அசைய முடியாது என்பதை நான் கரும்பலகையில் எழுதுவதைவிட விரைவாக அது கற்பிக்கிறது. அந்தக் காய்களைச் செய்த பிள்ளையின் பெயரை, ஊரை, நாளை ஒரு சீட்டில் எழுதிக் காய்களோடு வைக்குமாறு சொல்லியிருக்கிறேன்.

கீழடியில் சில்லைத் தேய்த்த கைக்குப் பெயரில்லை. மேகியின் கைக்குப் பெயர் இருந்தும் அது மறைக்கப்பட்டது. அரசர் பெயரைக் கல்லிலும் செம்பிலும் பொறித்த நாடு, உழைத்த கையின் பெயரை ஒரு துண்டுத் தாளிலேனும் எழுதிப் பழகட்டும்!