யார் கணக்கில் பற்று?

அரசு ஊழியர் ஒருவரின் பணிப் பதிவேட்டைப் புரட்டினால் அவரைப் பற்றி எல்லாமே அதில் இருப்பதுபோலத் தோன்றும். பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளமாக ஒரு மச்சம், விரல் ரேகை, வேலையில் சேர்ந்தது முற்பகலா பிற்பகலா, வருடா வருடம் ஏறிய சம்பளம், எடுத்த விடுப்பு, தேறிய துறைத் தேர்வு. அலுவலகத்தில் 'எஸ்.ஆர்.' என்பார்கள். என்னவாக ஆசைப்பட்டார் என்று எழுத அதில் இடம் கிடையாது. இருக்கவும் வேண்டியதில்லை, அது அரசாங்கத்தின் வேலை அல்ல.

கருணை அடிப்படையில் நியமனம் பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்வோம். 1970-களில் நடந்தது. பணியில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். மூத்த பையனுக்கு 21 வயது. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள். மற்ற வாரிசுகள் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அவனுக்கு ஆட்சேபணை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பானேன், விண்ணப்பத்திலேயே அவன் கையெழுத்து இருக்கிறதே! சார் கருவூலத்தில் இளநிலை உதவியாளர் வேலை. 37 வருடம் ஓடியது. பெயரையும் ஊரையும் மாற்றிப் போட்டால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு இந்தக் கதை பொருந்தும்.

இப்போது அவருக்கு 73. ஓய்வுபெறும்போது பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கியவர்களுக்குப் பதினைந்து வருடம் கழித்து முழு பென்ஷன் திரும்பும், அதுவும் திரும்பிவிட்டது. பேரனின் கலர் பென்சில் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சு எழுகிறது. "நானும் வரைஞ்சவன்தான். உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டேன்." மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. பல தடவை கேட்ட பேச்சு.

நிறைவேறாத வாழ்க்கையை நினைத்து வருந்த அவருக்கு உரிமை உண்டு. அதில் தகராறு இல்லை. அந்த வருத்தத்தை இன்னொருவர் பெயரில் பற்று எழுதலாமா என்பதுதான் கேள்வி.

அகிரா குரோசாவாவின் 'இகிரு' 1952-ல் வந்த ஜப்பானியப் படம். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியே கழித்த வாட்டனாபே, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறார். அவரோடு வேலை பார்த்த இளம்பெண் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'மம்மி', அதாவது பதப்படுத்திய பிணம். மகனுக்காகத்தான் இப்படி ஆனேன் என்று அவர் சொல்ல, உங்களை மம்மியாகச் சொல்லி உங்கள் மகனா கேட்டான் என்கிற பொருளில் அவள் திருப்பிக் கேட்கிறாள். அந்தப் பெரியவர் சாகப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள், நாமும் கேட்க மாட்டோம். சாவும் மூப்பும் பக்கத்தில் நிற்கும்போது உண்மையைத் தள்ளிவைப்பதை நாம் மரியாதை என்று எண்ணிக்கொள்கிறோம்.

நம் கருவூலக்காரரின் கணக்கில் தேதியே உதைக்கிறது. அவர் ஓவியத்தை விட்டபோது இந்த மகன் பிறக்கவே இல்லை. விட்டது அம்மாவுக்காக, தங்கைகளுக்காக. அது மெய்யான தியாகம். எதிரே தாலி இழந்த தாய் உட்கார்ந்திருக்கும்போது 21 வயதுப் பையன் போடும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல மனம் வராது. முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்களை அந்த வீடு எடுத்துக்கொண்டது. ஜி.பி.எப்.-இல் கடன், ஒரு கல்யாணம், அந்தக் கடன் அடைவதற்குள் இன்னொன்று. இதற்கு யாராவது கடன்பட்டவர்கள் என்றால் அந்தத் தங்கைகள்தான். அவர்களிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபாவளிக்கு வரிசை வைப்பதோடு சரி.

மீதி இருபத்தைந்து வருடம்? அலுவலகம் 5.45-க்கு முடிந்தது. பென்சிலும் காகிதமும் யார் கைக்கும் எட்டாத பொருள் அல்ல. தீட்டிப் பார்த்து, வராமல்போய்விட்டால்? விட்டுக்கொடுத்த திறமை கடைசிவரை பெரிய திறமையாகவே இருக்கும், அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. இதைச் சொல்வது கொஞ்சம் இரக்கமற்ற காரியம்தான். ஆனால் பயத்தையும் தியாகத்தையும் ஒரே தலைப்பில் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். கருவூலத்தில் தலைப்பு மாறிய பில்லை ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பியவர் அவர், அவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்திலும் பொய் இருக்கிறது. "உங்களுக்கென்ன குறை? பிள்ளைங்க நல்லா இருக்காங்க, கைநிறைய பென்ஷன்" என்று வருகிறவர்கள் எல்லாரும் வாயை அடைக்கிறார்கள். கணவனை இழந்து குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்து நின்ற எத்தனையோ பெண்களை அலைக்கழிக்காமல் அன்றைக்கே கோப்பை நகர்த்தியவர் என்று சொல்லி அவரைப் பெரிய ஆளாக்கலாம். அது நிஜமாகவே நல்ல காரியம். அதற்காக வரைய முடியாமல்போனது இல்லை என்று ஆகிவிடாது. ஒரு நல்லதைக் காட்டி ஒரு இழப்பை மறைக்கும் ஆறுதலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் பேச்சில் கசப்பு ஏறியிருக்க வேண்டும்.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243-வது பாட்டிலும் ஒரு கிழவர் திரும்பிப் பார்க்கிறார். மணலில் பாவை செய்தது, மருத மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்தது, இப்போது கோலூன்றி இருமலுக்கு நடுவே நாலு வார்த்தை பேசுவது. அவர் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, கேட்க நமக்குச் சங்கடமாக இல்லை. மகன் தலையைத் தூக்காததற்கு அவன் கல்நெஞ்சு மட்டும் காரணம் அல்ல. கதையாக வந்தால் கேட்டிருப்பான், பாக்கியாக வருகிறது. என்றாலும் அவனுக்கும் ஒரு கடமை உண்டு. காது கொடுப்பது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. "என்ன வரைவீங்கப்பா, ஆளா, கோபுரமா?" என்று கேட்டால் அவன் கையிலிருந்து எதுவும் போய்விடாது.

இவ்வளவு பேச்சும் நடப்பது கூடத்தில், சாய்வு நாற்காலியில். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சமைக்கும் பெண்ணுக்குப் பணிப் பதிவேடு இல்லை, 58-ல் ஓய்வும் இல்லை. பின்னோக்கிப் பார்க்க ஓய்ந்த பொழுது வேண்டும், அவருக்கு அது வாய்க்கவே இல்லை. தன் இழப்பை யாரும் கேட்கவில்லை என்று குமுறும் மனிதர், கல்யாணத்துக்கு முன்னால் நீ என்ன ஆக நினைத்தாய் என்று அவரிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. அந்த அம்மாள் காபி டம்ளரை நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டு, சிதறிக் கிடக்கும் கலர் பென்சில்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார்.