செபமும் தன்முயற்சியும்

தீயொழுக்கம் ஒன்றினைத் தீயதென்று ஐயந்திரிபற அறிந்த பின்னும் அதனை விடமாட்டாது உழல்வார் பலர். அறியாமையே தீமைக்குக் காரணமெனின், அறிவு வந்த பொழுதே அது நீங்குதல் வேண்டும், நீங்கக் காண்கிலேம். மனவுறுதியின்மையே காரணமெனின், உறுதி பூண்டாரிடத்தும் அவ்வுறுதியே சின்னாளிற் றளர்ந்து பழைய வழக்கம் மீளக் காண்கின்றோம். இந்நிலையில் ஒருவன் செய்யத்தக்கது யாது? இன்னும் மிக முயல்வதா? முயற்சியை விடுத்து இறைவனை வேண்டிக் கிடப்பதா? இவ்வினா நம் சமயத்தார்க்கே உரியதன்று. கிறித்து சமயத்தில் இது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெருவழக்காக எழுந்து, அச்சமயத்தின் பிற்கால வரலாறு முழுவதையும் தொட்டது. 'கிறித்தவர் செபஞ்செய்து மன்னிப்புப் பெறுவர். நாமோ வினைக்கொள்கை உடையேம்' என ஒரே தொடரில் முடித்து அப்பாற் செல்வார் நம்மவருட் சிலர் உளர். அஃது அவர்க்கு நீதியுமன்று, நமக்குப் பயனுமன்று. ஆகலின் அவ்வழக்கினைச் சிறிது விரித்தெடுத்து, நம் சித்தாந்தத்தின் வழிநின்று ஆராய்வாம்.

அவ்வழக்கிற்குத் தலைவர் இருவர். ஒருவர் அகுஸ்தீனார். இவர் வட ஆப்பிரிக்காவிற் றகாஸ்தே என்னும் ஊரில் 354-ஆம் ஆண்டிற் பிறந்தவர். சொற்பொழிவுக் கலையில் ஆசிரியராய் விளங்கியவர். ஒன்பதாண்டு மாணிக்கேய மதத்தைப் பின்பற்றியவர். 387-ஆம் ஆண்டில் மிலான் நகரில் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராய் 430-இல் இறந்தவர். தம் பழைய வாழ்வை இறைவன் முன்னிலையில் எடுத்துமொழியும் முறையில் இவர் இயற்றிய பதின்மூன்று பகுதியுடைய நூல், 'கன்பெஷன்ஸ்' என்னும் பெயரால் இன்றும் உலகெங்கும் பயிலப்படுகின்றது. மற்றவர் பெலாகியார். இவர் பிரித்தானியத் தீவினின்று போந்து உரோமாபுரியில் வாழ்ந்த துறவொழுக்கத்தினர். நன்னடையாற் பெருமதிப்புப் பெற்றவர். அகுஸ்தீனாரே இவர் ஒழுக்கத்தைப் பழித்தாரல்லர் என்பது கருதத்தக்கது.

அகுஸ்தீனாரைப் பிணித்த நோய் காமம். நூலறிவால் மெய்யை ஒருவாறு கண்ட பின்னரும் அவர் அதனை விடமாட்டாராயினார். இளமைக்காலத்திற் றாம் செய்த செபம் ஒன்றினை அவர் கூறுவது நம் நெஞ்சைத் தைப்பதாம். தூய்மையைத் தருக என்று இறைவனை வேண்டினாராம். ஆனால் உடனே தரவேண்டா என்றும் வேண்டினாராம். இறைவன் விரைந்து கேட்டுவிடுவானோ என்னும் அச்சமே அவர்க்கு இருந்ததாம். இதனை நகைச்சுவையாகக் கொள்வார் உளர். யாமோ இதனை மிக ஆழ்ந்த ஒப்புதலாகக் கொள்கின்றேம். என்னையெனின், வேண்டுகோள் என்பதும் ஒரு கரவு ஆகலாம் என்பதை வேண்டுகோளையே தம் கொள்கைக்கு உயிராகக் கொண்ட ஒருவர் இங்கே காட்டுகின்றார் ஆகலின். 'யான் வேண்டிவிட்டேன், இனிச் செய்வது அவன் செயல்' என்று வாளா இருப்பான் ஒருவன், பலபொழுதும் அந்நோயை இழக்க மனமின்றியே அங்ஙனம் இருக்கின்றான்.

386-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அவர்க்கு நேர்ந்த போராட்டம் அந்நூலின் எட்டாம் பகுதியில் விரிக்கப்பட்டுளது. ஆண்டு அவர் எழுப்பும் வினா ஒன்று சித்தாந்திகள் எடுத்து ஆராய்தற்குரியது. மனம் கையை நோக்கி அசைக என்னும்; கை உடனே அசைகின்றது; ஏவலும் செயலும் வேறறியப்படாவாறு விரைவுளது. அம்மனமே தன்னை நோக்கி இதனை விரும்புக என்னும். தான் தானேயாயிருந்தும் பணிகின்றிலது. உடலுக்கு இடும் ஆணை நிறைவேறத் தனக்குத் தான் இடும் ஆணை நிறைவேறாமை எங்ஙனம்? மாணிக்கேயர் இதற்கு இரண்டு மனம் உளவென விடை கூறினர், ஒன்று நல்லது, ஒன்று தீயது என. அகுஸ்தீனார் அதனை மறுத்தார். விரும்பியதும் தாமே, விரும்பாததும் தாமே. விருப்பம் முழுமையுறாமையே நோய் என்றார். பவுல் என்பார் (கத்தோலிக்கர் சின்னப்பர் என்பர்) உரோமையர்க்கு விடுத்த திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில், தாம் விரும்பும் நன்மையைச் செய்யாது வெறுக்கும் தீமையையே செய்தலைக் கூறி வருந்தியதும் இதுவே.

இரண்டு உயிர் இல்லை என்பதில் நாமும் அவரோடு உடன்படுவேம். ஆயின் ஓருயிரின் இச்சை எதனால் முழுமையுறாது போயிற்று என்னும் வினாவுக்கு நம் ஆசிரியர் கூறும் விடை வேறு. உயிரின் இச்சா ஞானக் கிரியைகள் இயல்பில் வியாபகமுடையனவாயினும் ஆணவமலத்தால் அநாதியே மறைப்புண்டன. மாயையின் கருவிகளாற் சிறிதளவே விளங்குகின்றன. கண்ணோய் உடையான் உற்றுநோக்குந்தோறும் கண் நோவுமேயன்றித் தெளிவு பிறவாது. மறைப்புண்ட இச்சையைக் கொண்டே அம்மறைப்பை நீக்க முயல்வான் நிலையும் அத்தன்மைத்து.

இனிப் பெலாகியார் பக்கத்தைக் காண்பாம். அகுஸ்தீனார் தம் நூலின் பத்தாம் பகுதியில், இறைவன் எதனைச் செய்க என விதிக்கின்றானோ அதனைச் செய்தற்குரிய வன்மையையும் அவனே அளித்தல் வேண்டும் என்னும் கருத்தமைந்த செபம் ஒன்றைப் பன்முறை கூறியுள்ளார். உரோமாபுரியில் ஒரு மேற்றிராணியார் இதனை எடுத்துரைப்பக் கேட்ட பெலாகியார் பொறாது வெகுண்டனர் என்று அகுஸ்தீனாரே பின்னர் எழுதியுள்ளார். வெகுளிக்குக் காரணம் எளிதிற் புலனாம். பெலாகியார் கண்முன் இருந்தது பெயரளவிற் கிறித்தவராய்ச் செல்வத்திலும் சோம்பலிலும் மூழ்கிய நகரமாந்தர் கூட்டம். அவர்க்கு, 'வன்மை உங்களிடத்து இல்லை' என்று கூறுவது நஞ்சாகும் என்று அவர் கருதினர். தெமேத்திரியாள் என்னும் செல்வக்குடிப் பெண் துறவு பூண்டபொழுது அவட்கு எழுதிய முடங்கலில், மக்கள் இயல்பின் ஆற்றலை முதற்கட் காட்டிப் பின்னரே அறத்தைக் கூறுதல் தம் வழக்கமென்று அவர் குறித்தனர். செய்யமுடியாததனைச் செய்க என்று இறைவன் விதித்திருப்பானாயின் அவன் நீதியுடையன் ஆகான் என்பது அவர் வாதம். இதன்கண் உள்ள நேர்மையை நாம் மறைத்தல் ஆகாது. மாணாக்கரைப் பயிற்றும் எவரும் இவ்வாறே தொடங்குவர்.

அங்ஙனமாயின் பெலாகியார் அருளையே மறுத்தாரோவெனின், மறுத்திலர். அவர் ஒரு செயலை மூன்று கூறாகப் பகுத்தார்: செய்தற்காம் ஆற்றல், செய்யவேண்டுமென்னும் விருப்பம், செய்துமுடித்தல் என. இவற்றுள் முதலாவது இறைவன் கொடை. ஏனைய இரண்டும் நம்முடையன என்றார். இறைவன் நன்றிது தீதிது என்று கட்டளையாற் காட்டினான், கிறித்துவின் ஒழுக்கத்தை எடுத்துக்காட்டாகக் காட்டினான், பழம்பிழையை மன்னித்தான், இவையெல்லாம் அருளே என்றார். அகுஸ்தீனாரோ, இக்காட்டுதல் மட்டும் போதாது, விருப்பத்தின் உள்ளே நின்று அதனை விரும்பச் செய்தலே அருள் என்றார்.

சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தைப் பயின்றார்க்கு இவ்விடம் வியப்பைத் தரும். ஆண்டு மெய்கண்டதேவர் முதல்வன் செய்யும் உபகாரத்தை இரண்டாக வைத்தார். காட்டும் உபகாரம் ஒன்று, உடனின்று காணும் உபகாரம் ஒன்று. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் மாபாடியத்தில் இதனை நுணுகி விளக்கியுள்ளார். கண் காணும் ஆற்றலுடையதேயாயினும் உயிர் உடனின்று காணாவிடின் கண்ணுக்குக் காட்சியில்லை. அதுபோல உயிர்க்கு முதல்வன் பொருளைக் காட்டிவிட்டு அகலுவானல்லன். அவன் கூடக் காணாவழி உயிர் காணமாட்டாது. பெலாகியார் கொண்டது காட்டும் உபகாரம் மட்டுமே. அகுஸ்தீனார் தேடியது காணும் உபகாரம். ஒரு தொடர்பும் இன்றி வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு காலத்தில் ஒரே பிளவு நேர்ந்தமை, அப்பிளவு பொருளின்கண்ணே உள்ளதென்பதைக் காட்டும்.

இதனால் செபம் என்பது யாதென்பதும் ஒருவாறு விளங்கும். முயற்சி ஒரு வலி. செபம் அதனினும் பெரிய மற்றொரு வலியைப் புறத்தினின்று வரவழைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணமே முயற்சியா செபமா என்னும் பொய்வினாவைப் பிறப்பிக்கின்றது. உயிர் சார்ந்ததன் தன்மையைப் பெறுவது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுவதுபோல. பாசத்தைச் சார்ந்துநின்று பாசத்தைத் தள்ளுவான் தள்ளுந்தொறும் அதனையே நினைக்கின்றான். நினைக்குந்தொறும் அதன் வண்ணமே ஆகின்றான். நோன்பிருப்பான் உணவையே எண்ணியிருத்தல் போலும் இது. மெய்யான செபம் சார்பினை மாற்றுவது. முயற்சி ஆண்டு ஒழிகின்றதில்லை. வேறிடத்து நின்று முயல்கின்றது.

ஈண்டு இடையே ஒன்று கூறுவாம். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிப்பழக்கத்தால் அழியும் நிலையிலிருந்த பங்குத் தரகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் கூடித் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டம் இன்று பன்னாடுகளிலும் உளது. 1939-இல் வெளிவந்த அவர்தம் நூலில் வகுத்த பன்னிரண்டு படிகளுள் முதலாவது, தம்மால் இதனை அடக்க இயலாதென ஒப்புக்கொள்ளல். அதன் பின்னரே தம்மினும் பெரிய ஒரு பொருளிடம் தம்மை ஒப்புவித்தல். அது கிறித்தவ இயக்கம் ஒன்றினின்று கிளைத்ததேனும், இறைவனை அவரவர் அறிந்தவாறே கொள்க என விடுத்தது. அவர் தனியே செபித்து அமைவதில்லை; அடிக்கடி ஒருங்கு கூடியிருக்கின்றனர். பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங்கழுவி அன்பரொடு மருவுதலை ஏன் கூறிற்று என்று வினவும் மாணாக்கர்க்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி மடத்தார் சிறப்பாக நோக்குதற்குரிய பகுதிக்கு வருவாம். 426-427 ஆகிய ஆண்டுகளில், இற்றைத் தூனிசியா நாட்டிலுள்ள அத்ருமேத்து என்னும் ஊரின் துறவிமடம் ஒன்றில், அகுஸ்தீனார் அருளைப்பற்றி எழுதிய முடங்கல் ஒன்று படிக்கப்பட்டுப் பெருங்கலகம் விளைந்தது. துறவிகள் சிலர் தம் தலைவர் வலந்தீனரைப் பற்றி எழுப்பிய வாதம் இத்தன்மைத்து: நன்மை செய்தல் அருளால் வருமேல், யாம் தவறியவிடத்து எம்மைக் கடிவது ஏன்? இல்லாத அருளை யாம் எங்ஙனம் பெறுவேம்? தலைவர் எமக்கு விதியைக் கற்பிக்கட்டும், எமக்காகச் செபிக்கட்டும், கடிதலை மட்டும் விடுக.

எவ்வளவு நுண்ணிய வாதம்! எவ்வளவு இனிய சோம்பல்! துறவிகள் ஹிப்போவிற்குச் சென்று கிழப்பருவத்தினரான அகுஸ்தீனாரைக் கண்டனர். அவர் அம்மடத்தார்க்கு இரண்டு நூல் எழுதியனுப்பினர். அவற்றுள் இரண்டாவது கடிதலும் அருளும் பற்றியதே. கட்டளையால் தனக்கு இருக்கவேண்டுவது யாதென்பதையும், கடிதலால் அஃதின்மை தன் குற்றமே என்பதையும், செபத்தால் அதனைப் பெறுமிடம் இன்னதென்பதையும் ஒருவன் அறிகின்றான் என்பது அவர் விடையின் சாரம். கடியற்க என்பான் தன் நோயைத் தனக்குக் காட்டவேண்டா என்கின்றான். காணாத நோய்க்கு அவன் மருந்து வேண்டுவது எங்ஙனம்? நல்லாசிரியன் கடிதலையே இறைவன் தன் அருளுக்குக் கருவியாகக் கொள்ளலாம்.

இது நமக்கு ஒப்பமுடிந்ததே. எட்டாஞ் சூத்திரத்தில் முதல்வனே குருவாய் வந்து உணர்த்துதல் கூறப்பட்டது. ஒன்பதாவதில் திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலாகிய பயிற்சி. பத்தாவதில் அவனோடு ஒன்றி அவன் பணியின் நிற்றல். பயிற்சியைப் பணிநிற்றலுக்கு முன்வைத்த வைப்புமுறையே அம்மடத்தார்க்கு விடையாம். இறைபணி நிற்றல் என்பது பணியை விடுதலன்று. 'யான் செய்தேன்' என்னும் முனைப்பை விடுதல். முனைப்பை விடாதான் தன் சோம்பலையும் 'அவன் செயல்' என்று பெயரிட்டுக் காப்பாற்றுவன்.

அகுஸ்தீனாரோடு நாம் பிரியவேண்டிய இடமும் உண்டு. முதன்மகனாகிய ஆதாமின் பாவம் மாந்தரெல்லார்க்கும் வழிவழி வந்தது என்னும் சென்மபாவக் கொள்கையை அவர் கொண்டார். பெலாகியாரும் அவர் மாணாக்கரும் ஒருவன் பாவம் மற்றொருவனைச் சேராதென மறுத்தனர். 418-ஆம் ஆண்டு கார்த்தாகோ நகர்ச் சங்கம் அவர் கொள்கையை விலக்கிற்று. ஒருவன் வினை மற்றொருவனைச் சாராது என்பதிற் பெலாகியாரையே நாம் தழுவுவேம். ஆயின் நோய் ஒருவன் தானே செய்த வினைகளின் அளவினதன்று, அவற்றின் அடியில் உளது என்பதில் அகுஸ்தீனாரையே தழுவுவேம். மூலமலம் வினையன்று, யாராலும் செய்யப்பட்டதுமன்று.

மேலும், அருள் சிலர்க்கே வழங்கப்படும், ஏனையோர் தம் பாவத்திலேயே விடப்படுவர், இதன் காரணம் இறைவனது மறைபொருளான தீர்ப்பு என்று அவர் முடிவில் உறுதியாகக் கூறினர். ஞாயிறு எங்கும் ஒப்ப விளங்கப் பக்குவமுற்ற தாமரை அலர்கின்றது, ஏனையது முகையாய் நிற்கின்றது என்பது நம் கொள்கை. அற்றேல், பக்குவம் உயிரின் செயலாலாயதெனின் நீவிர் பெலாகியார் கட்சியினரே ஆவீர் என்று கிறித்தவ அறிஞர் ஒருவர் வினவின், யாது கூறுவேம்? மலத்தைப் பரிபாகப்படுத்துவதும் திரோதானமாய் மறைந்துநின்ற அவனருளே என்போம். பின் ஒருவர்க்கு முன்னும் ஒருவர்க்குப் பின்னும் அது நிகழ்வது ஏன் எனின், மலத்தின் வன்மை மென்மை அநாதி என்போம். இவ்விடை இறைவன்மேற் பழி சாராதவாறு காக்கின்றது. ஆயின் வினாவை முற்றும் அகற்றிவிட்டது என்று தருக்குதல் நமக்கு அழகன்று. அவர் தீர்ப்பு என்னும் சுவரின் முன் நின்றார். நாம் அநாதி என்னும் சுவரின் முன் நிற்கின்றேம். வேறுபாடு, நம் சுவருக்கு அப்பால் எவரும் கைவிடப்பட்டு நிற்கவில்லை என்பதே.

அச்சமயத்தாரும் இவ்விடர்ப்பாட்டை உணராதிருந்தாரல்லர். அகுஸ்தீனார் இறந்து தொண்ணூற்றொன்பதாண்டின் பின், 529-இல் காலிய நாட்டு ஓராஞ்சு நகரிற் செசாரியார் தலைமையிற் கூடிய சங்கம் இருபத்தைந்து விதிகளை வகுத்தது. நம்பிக்கையின் தொடக்கமும் அருளாலேயே என்பதை அகுஸ்தீனார் வழிநின்று நாட்டிய அச்சங்கம், தீமைக்கென்றே இறைவன் சிலரை வகுத்தான் என்னும் கூற்றை வெறுத்து விலக்கிற்று. அவ்விதிகளைப் பதினோராஞ் சூத்திரத்தோடு அருகருகே வைத்துப் பயிலுதல் நம் ஆதீனப் பாடசாலைகளில் இன்னும் நிகழவில்லை. மாபாடியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரேனும் அதனை மேற்கொள்வராயின், மேற்கூறிய தடையை இன்னும் கூர்மையாக எழுப்பி விடைகாண்டற்கு இடமுண்டாம்.