‘எவ்விடம்?’ என்னும் வினா

யாழ்ப்பாணத்து மக்கள் அன்றாடம் வழங்கும் வினாக்களுள் மிகச் சாதுவாகத் தோன்றுவது ‘தம்பி எவ்விடம்?’ என்பதாகும். பஸ்ஸிலே பக்கத்தில் இருப்பவர் கேட்பார். கலியாண வீட்டுப் பந்தலிலே கேட்பார்கள். மாற்றலாகி வந்த ஆசிரியரிடம் முதல் நாளே கேட்கப்படும். கேட்பவரின் குரலிலே வாஞ்சை உண்டு. இதிலே குறை காண்போரை, எதிலும் குற்றம் தேடுபவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும் இவ்வினா எங்கே போய் முடிகின்றது என்பதைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குவோம்.

‘சுன்னாகம்’ என்பது விடை. ‘சுன்னாகத்திலை எவ்விடம்?’ ‘ஸ்ரேசனடி.’ ‘ஸ்ரேசனுக்கு எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?’ அதற்கும் விடை தெளிவாக வராவிட்டால், ‘ஆற்றை பிள்ளை?’ ஊரை அறிய விரும்பியவனுக்கு முதல் விடையே போதுமானது. நான்காவது வினாவரை செல்பவன் தேடுவது சாதியை. அச்சொல்லை மட்டும் அவன் வாயால் உச்சரிப்பதில்லை. மிக நெருங்கிக் கேட்க நேர்ந்தாலும் ‘எந்தப் பகுதி?’ என்பானேயன்றி அதற்கப்பால் செல்லான்.

இடப்பெயர் சாதிப்பெயரின் வேலையைச் செய்வது தற்செயலன்று. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நீர் கிணற்றிலே உள்ளது. கிணறு காணியிலே உள்ளது. காணியோ பெரும்பாலும் ஒரு சாதியாரின் உடைமையாயிருந்தது. மற்றவர்கள் அக்காணிகளின் ஓரங்களிலே குடியிருத்தப்பட்டனர். குறிச்சி குறிச்சியாகச் சாதி பிரிந்து கிடக்கும் ஊரிலே, ஒருவனுடைய ஒழுங்கையை அறிந்தவன் அவனுடைய பிறப்பையும் அறிந்தவனாகிறான். நிலவுடைமையே வினாவுக்கு இலக்கணம் வகுத்தது.

விடை கிடைத்தபின் நிகழ்வதுதான் கவனத்துக்குரியது. எமது பேச்சுத் தமிழிலே ‘வா’, ‘வாரும்’, ‘வாருங்கோ’ என மூன்று படிகள் உள்ளன. முன்பின் அறியாத ஒருவனை எந்தப் படியில் நிறுத்துவது என்று தெரியாமல் நாவு தடுமாறுகின்றது. அத்தடுமாற்றத்தைத் தீர்ப்பதே ‘எவ்விடம்’ என்பதன் பணி. ஒரு காலத்தில் இத்தடுமாற்றத்துக்கே இடமிருக்கவில்லை. ஒரு சாரார் ‘நயினார்’ என்றும் ‘நாச்சியார்’ என்றும் அழைக்கக் கடமைப்பட்டிருந்தனர்; அவர்களுள் நரைத்த கிழவரையும் மறு சாராரின் சிறுவன் ‘நீ’ என்றான். பெற்றோர் கந்தசாமி என்று பெயர் வைத்தால் ஊர் கந்தன் என்று கூப்பிட்டது.

1960ஆம் ஆண்டில் ரொஜர் பிரவுண், அல்பேட் கில்மன் என்னும் இருவர், ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினர். இருவரும் ஒரே சொல்லை ஒருவருக்கொருவர் வழங்கினால் அங்கே ஒருமைப்பாடு; ஒருவர் கொடுக்கும் சொல் திரும்பி வராவிட்டால் அங்கே அதிகாரம் என்பது அவர்களது முடிவின் சாரம். எமது தேநீர்க் கடைகளின் வாசலில் நின்று போத்தலிலும் பேணியிலும் தேநீர் வாங்கிக் குடித்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை.

போராட்டங்கள் நடந்தன. 1930ஆம் ஆண்டையொட்டிப் பாடசாலைகளில் சம ஆசனம் வற்புறுத்தப்பட்டபோது, பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்வதைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே போராட்டம் எழுந்தது. கடைகளும் கோயில்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க நேர்ந்தன. கதவை மூடியவனைச் சட்டம் தண்டிக்கலாம். வினைமுற்றின் விகுதியைத் தண்டிக்கும் சட்டம் எங்குமில்லை. பகிரங்கமாகக் கேட்கமுடியாமற் போனவை அனைத்தும் ‘எவ்விடம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் ஒதுங்கிக்கொண்டன. அதனாற்றான் அச்சொல் இத்துணை மென்மையாக ஒலிக்கின்றது.

இப்போது கேட்டவரை நிறுத்தி விசாரித்தால், ‘சும்மா கேட்டனான்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தமது நெஞ்சிலே பகை எதையும் அவர் காணவில்லை. நோக்கம் தூயதாயின் செயலும் குற்றமற்றதா? இவ்விடத்திலே நோக்கத்தைத் துருவுவது வீண் என்பது எமது கருத்து. விடையைக் கேட்டபின் அவரது ‘வாருங்கோ’ ‘வாரும்’ ஆயிற்றா? நீட்டவிருந்த தண்ணீர்ச் செம்பு தயங்கிற்றா? ஆயின், அவர் சும்மா கேட்கவில்லை. நன்கு படித்தவர்களிடம் இன்னொரு தந்திரமும் உண்டு. ஒதுக்கப்பட்ட குறிச்சியிலிருந்து ஒருவர் பட்டம் பெற்று உத்தியோகத்துடன் வந்துவிட்டால், ‘வாருங்கோ’ என்னவும் மனம் வராது. ‘வா’ என்னவும் துணிவிராது. அப்போது ‘எப்ப வந்தது?’ என்பார்கள். வந்தவர் மனிதரா, தபாலா என்று இலக்கணகாரர்தான் சொல்லவேண்டும்.

இவ்வினாவுக்கு நல்ல முகம் ஒன்றும் இருப்பதை மறுக்கமாட்டோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் திரண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ‘நீங்கள் எவ்விடம்?’ என்று கேட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தவர்கள் இருந்தனர். பிரிந்தவர்களை ஒருவரோடொருவர் சேர்த்ததும் இதே சொற்றான். ஆயினும் ‘எங்கடை ஆக்கள்’ என்று மகிழும் உறவுணர்ச்சிக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்கு அப்பால் நின்றவரை நாம் கேட்கவேண்டும்.

பதில் சொல்பவனின் நெஞ்சினுள் நடப்பதை எமது எழுத்துக்கள் போதிய அளவு பேசவில்லை. கேள்வி எழுந்த கணத்திலேயே அவன் கணக்குப் பார்க்கிறான்: ஊரைச் சொல்வதா, பக்கத்துப் பட்டினத்தைச் சொல்வதா, படித்த பாடசாலையைச் சொல்லித் தப்புவதா? மெய் சொன்னால் அவமதிப்பு. மறைத்தால் தன் தாய் தந்தையரையே மறுதலித்த கூச்சம். தயக்கமின்றி விடை சொல்பவனை நேர்மையாளன் என்று புகழுமுன், அவன் எதையேனும் இழக்கவேண்டியிருந்ததா என்று பார்த்தல் தகும்.

கடல் கடந்தும் இவ்வினா சென்றிருக்கிறது. டொரன்டோவிலும் இலண்டனிலும் சம்பந்தம் பேசும்போது ‘ஊரிலை எவ்விடம்?’ என்று கேட்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பிறந்தது அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில். அவர்களுட் பலர் சுன்னாகத்து ஒழுங்கைகளைக் கண்ணாற் கண்டதில்லை. கேட்பவரும் அங்கே திரும்பிச் சென்று வாழப்போவதில்லை. இருந்தும் ஸ்ரேசனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்வரை பேச்சு அடுத்த படிக்கு நகர்வதில்லை.