கப்பலின் கயிறும் கடையின் தராசும்



கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மளிகைக் கடை வைத்திருப்பவன் கடலைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நம்மில் கடல் கடக்காத குடும்பம் எது? என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். ஏறக்குறைய 1,250 கடல் மைல் தூரம். நடுக்கடலில் மைல் கல் ஏது? அப்படியிருந்தும் நம் மரக்காயர்கள் பாய்மரக் காலத்திலேயே கணக்குத் தவறாமல் வந்து போனார்கள்.

இருளில் தரையிலும் கடலிலும் வழியறிய நட்சத்திரங்களை அமைத்ததாக அல்லாஹுத்தஆலா அல்அன்ஆம் சூராவில் அறிவிக்கின்றான். வடமீன் தொடுவானத்துக்கு மேல் எத்தனை விரல் உயரத்தில் நிற்கிறது என்பதை, முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையால் மாலுமிகள் அளந்தார்கள். அரபியில் அது கமால். நம் கரையில் ராப்பலகை. மூன்று மணி நேர ஓட்டம் ஒரு ஜாம். வடக்கு நோக்கி எட்டு ஜாம் ஓடினால் வடமீன் ஒரு விரல் உயரும். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மது இப்னு மாஜிது இக்கலையைப் பற்றி நூல்களே எழுதி வைத்தார்.

ஐரோப்பியக் கப்பல்களில் வேகத்தைக் கயிற்றால் அளந்தார்கள். பலகைத் துண்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். பலகை நீரில் நிற்கும். கப்பல் முன்னேற, கயிறு ஓடும். 28 விநாடி மணற்கடிகாரம் தீருவதற்குள் எத்தனை முடிச்சு ஓடியதோ, மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். இன்றும் கப்பலின் வேகத்தை 'நாட்' என்கிறோமே, அதற்கு முடிச்சு என்றுதான் பொருள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர்.

ஆனால் ஈரம் பட்டால் கயிற்றின் நீளம் மாறும்; மணல் மெதுவாக இறங்கும். ஆகவே கயிற்றையும் கடிகாரத்தையும் அடிக்கடி சரிபார்ப்பது மாலுமியின் கடமையாயிற்று. திசையும் அப்படித்தான். ஒரு பாகை பிசகினால் அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகும். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது. நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே நுழைந்து பினாங்கு சேர வேண்டிய கப்பல், வழி முடிவதற்குள் இருபது மைல் தள்ளிப் போயிருக்கும்.

சகோதரர்களே! இனி என் கடைக்கு வாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பெண்ணொருத்தி, "அண்ணே, அரிசி கொஞ்சம் குறையுதே. கொழுந்து நிறுத்துக் கூலி வாங்குற கை, எடை தெரியும்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளிப் போட்டு அனுப்பினேன். தராசைப் பார்க்கவில்லை. மாதங்கள் கழித்து, ரமலானுக்கு முன் முத்திரைப் படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். சுருள் தளர்ந்து, அறுபது கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்திருந்தது!

திருட நான் நினைக்கவில்லை. சரிபார்க்கவும் நினைக்கவில்லை. வாங்கியவர் வீட்டு உலைக்கு இரண்டும் ஒன்றுதான். பற்றுப் புத்தகத்தில் பெயர் இருந்தவர்களுக்குக் கணக்குப் பார்த்து அரிசியாகவே திருப்பிக் கொடுத்தேன். ஆனால் முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் குடும்பம் தோட்டத்தை விட்டே போய்விட்டது. இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடியார்களின் ஹக்கை அடியார்களிடமே தீர்க்க வேண்டும் என்று மத்ரஸாவில் ஓதியது நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது.

அளவையில் குறைப்போரை எச்சரித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. வேண்டுமென்று குறைப்பவனுக்குத்தானே அது என்று நாம் ஆறுதல் தேடலாமா? ஒருவர் குறை சொன்ன பிறகும் சோதித்துப் பாராதவன், "தெரியாது" என்று சொல்ல வாயேது?

இன்று செயற்கைக்கோள் கப்பலுக்கு வழி சொல்கிறது. நம் கல்லாவுக்கும் கல்புக்கும் நாமேதான் கணக்குப் பார்க்க வேண்டும். மாலுமி கரை கண்ட பிறகு கயிற்றை அளப்பதில்லை. கடலில் இருக்கும்போதே அளக்கிறான். நாமும் இன்னும் கடலில்தான் இருக்கிறோம். இன்றிரவு கடை சாத்துமுன் படிக்கல்லை எடுத்துத் தராசில் வையுங்கள். பிறகு இஷா தொழுதுவிட்டு, அன்று யாருக்கு என்ன குறைத்தோம் என்று ஒரு நாழிகை எண்ணிப் பாருங்கள்.

நேரான அளவையும் ஹலாலான ரிஸ்கையும் நம் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.